நான்கு விரல் குறைவு

காலை ஏழு பத்துக்கு நாற்றங்காலுக்குள் நுழைந்தபோது முதலில் தெரிந்தது வானம். அந்த இடத்தில் அதுவரை நான் வானத்தைப் பார்த்ததில்லை. பந்தல் முழுக்கப் பச்சை நிழல்வலை கட்டியிருக்கும். உள்ளே வேலை செய்கிறவர்களின் முகம், கை, சோற்றுத்தூக்கு எல்லாமே லேசான பச்சையாகத் தெரியும். முந்தின நாள் அடித்த ஆடிக்காற்றில் ஒரு பக்கத்து வலை கிழிந்து வேலியில் போய் மாட்டியிருந்தது. கிழிந்த இடத்துக்கு நேர் கீழே அத்தையின் பாத்தி.

அத்தை என்பது அப்பாவின் தங்கை. குள்ளஞ்சாவடியில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு புறப்பட்டு வந்து, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாள். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு கிச்சன். ஹாலில் படுப்பாள். நைட் ஷிஃப்ட் முடிந்து அப்பா கதவைத் தட்டுவதற்கு முன்பே எழுந்து பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். அப்பா கெட்டவர் இல்லை. ஆனாலும் கெடு வைத்திருந்தார்.

"தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நிரந்தரமா ஒரு வேலை, ஒரு ரூம்னு ஆயிடணும். இல்லேன்னா நானே கூட்டிட்டுப் போய் அவன் வீட்ல விட்டுட்டு வந்துடுவேன்."

அத்தை அந்த வீட்டுக்குத் திரும்பப் போகமாட்டாள் என்பது ஆறாம் வகுப்பு படித்த எனக்கே தெரியும். ஏன் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாற்றங்கால் முத்தாண்டிக்குப்பம் சாலையில் ஒரு கான்ட்ராக்டருக்குச் சொந்தமானது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் நடுவதற்காக அங்கே பிளாஸ்டிக் பைகளில் புங்கன் கன்று வளர்த்தார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு பாத்தி. யாருடைய பாத்தி ஆவணிக் கடைசியில் அளவு தேறுகிறதோ, அவளுக்கு மேட்டில் நடும் வேலையும், சுரங்க கேட்டுக்குள் போய்வர ஒரு வருஷத்துக்கு கேட் பாஸும் கிடைக்கும். பாஸ் இருந்தால் மாதச் சம்பளம், பி.எஃப். வடலூரில் வாடகைக்கு ரூம் கேட்டுப் போகலாம். அளவு என்பது சூப்பர்வைசர் கையில் இருந்த மூங்கில் குச்சி. அதில் ஒன்றரை அடி உயரத்தில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு. கோட்டைத் தொட்டால் கன்று. தொடாவிட்டால் களை.

புது வலை நாளைக்கு வரும் என்றார்கள். வரவில்லை. மூன்று வாரம் அத்தையின் பாத்தி முழு வெயிலில் நின்றது. நான் சனிக்கிழமைகளில் அவளோடு போவேன். ஒவ்வொரு வாரமும் வித்தியாசம் கூடிக்கொண்டே வந்தது. வலைக்கு அடியில் இருந்த பாத்திகளில் கன்றுகள் அகல இலையும் வெளிர் பச்சையுமாக நெடுநெடுவென்று போயின. அத்தையின் கன்றுகள் பென்சில் கனத்துக்குத் தண்டு வைத்து, சின்ன இலையைக் கரும்பச்சையாக விரித்து, கோட்டுக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிட்டன.

"இன்னாடி இது, உன் புள்ளைங்க எல்லாம் குட்டையாவே இருக்குது? சோறு போடறியா இல்லியா?" என்றாள் பக்கத்துப் பாத்தி அக்கா.

"உன்னுதுங்க மாதிரி ஒடம்பு வளையாம ஒசரத்த மட்டும் காட்டிகினு நிக்கலியேன்னு சந்தோசப்படு," என்றாள் அத்தை. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நான்கு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வழி கண்டுபிடித்தது நான்தான். பள்ளியில் அறிவியல் டீச்சர் இரண்டு கிண்ணத்தில் பச்சைப்பயறு போட்டு, ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது அலமாரிச் செடி ஜன்னல் செடியைப்போல் இரண்டு மடங்கு உயரம். நோட்டில் அளந்து எழுதினோம். ஏன் அப்படி, அது நல்லதா கெட்டதா என்று டீச்சர் விளக்கிய நாளில் எனக்குக் காய்ச்சல். ஆகையால் என்னிடம் இருந்தது பாடத்தின் முதல் பாதி மட்டும்.

"இருட்டுல வெச்சா சீக்கிரம் வளரும் அத்தை. நானே ஸ்கேல் வெச்சு அளந்தேன்."

அத்தை ஒரு கன்றின் தண்டை விரலால் நெருடிப் பார்த்தாள். "வெயிலுலயே நின்னு பழகின கன்னு பாப்பா இது. மேட்டுலயும் வெயிலுதானே."

"கோட்டைத் தொடவேண்டாமா?"

அவள் தண்டிலிருந்து விரலை எடுத்தாள். திரும்பி, பந்தல் காலில் சாய்த்து வைத்திருந்த அந்தக் குச்சியைப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் இருவரும் ரோட்டோர முந்திரிக்கொட்டைக் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் ஓட்டை விழுந்த சாக்குகளைச் சும்மாவே கொடுத்தார். "எதுக்கும்மா இத்தினி?" என்று கேட்டார். "புள்ளைங்களுக்குப் போர்த்த," என்றாள் அத்தை.

மூங்கில் நட்டு, சாக்கை இரண்டு மடிப்பாகப் போட்டு, பாத்திக்கு மேல் தாழ்வாக ஒரு கூரை கட்டினோம். பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வலை வருகிற வரைக்கும் நிழலுக்குங்க என்று அத்தை சொன்னதை சூப்பர்வைசர் நம்பினார். அடுத்த சனிக்கிழமை நுனிகள் மெலிதாக நீண்டிருந்தன. நான்காவது சனிக்கிழமை கூரையைத் தொட்டன. கோட்டைத் தாண்டியது எவ்வளவு என்று நான் ஒவ்வொரு வரிசையாக அளந்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

அளவு எடுத்த அன்று சாக்கைப் பிரித்ததும் கன்றுகள் கொஞ்சம் சாய்ந்தன. சூப்பர்வைசர் குச்சியை வைக்கும் கன்றையெல்லாம் அத்தை அடியில் இரண்டு விரல் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து கோட்டை மட்டும் பார்த்தார். பாத்தி தேறியது.

அன்றைக்கு அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஜாங்கிரி வாங்கி வந்தார். "நம்ம வீட்ல ஒரு விஞ்ஞானி இருக்கிறது இத்தனை நாளா தெரியாமப் போச்சே," என்று என் தலையில் குட்டினார். அத்தை தன் ஜாங்கிரியையும் எனக்கே கொடுத்துவிட்டாள். அவளுக்கு இனிப்பு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் முதல் மழை பெய்த மறுநாள் மேட்டில் நட்டார்கள். கேட்டுக்கு உள்ளே என்னை விடமாட்டார்கள். எல்லாம் அத்தை வந்து சொல்லித்தான் தெரியும். முழங்கால் வரை சாம்பல் நிறக் களிமண்ணோடு வருவாள். அங்கே ஒதுங்கக்கூட ஒரு நிழல் கிடையாது என்றாள். மழை அதோடு நின்றுபோய்ப் பத்து நாள் வெயில் அடித்தது. நான் என் கன்றுகளைப் பற்றித் தினமும் கேட்டேன். முதலில் தலை தொங்கிப்போச்சு என்றாள். பிறகு இலை காகிதமாட்டம் வெளுத்துப்போச்சு என்றாள். கடைசியில், "நீ பாடத்தப் படி பாப்பா," என்றாள். பக்கத்துப் பாத்தி அக்காவின் கன்றுகளும் வாடின. ஆனால் அவற்றில் பாதி மெல்ல நிமிர்ந்தனவாம்.

பாடத்தின் மறுபாதியைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். வெளிச்சம் போதாத கன்று, கையில் இருப்பதையெல்லாம் உயரத்துக்கே செலவழிக்கும். வேருக்கும் தண்டுக்கும் மிச்சம் வைக்காது. வெயிலில் வளர்ந்த கன்று குட்டையாக இருந்துகொண்டு கீழே வேரைப் பெருக்கும். மண்மேட்டுக்கு ஏற்றவை, சாக்கு போடுவதற்கு முன்பிருந்த அத்தையின் கன்றுகள்தான். தண்டை நெருடிப் பார்த்த அன்றே அத்தைக்கு அது தெரிந்திருந்தது. என் கண்டுபிடிப்பை நம்பித்தான் அவள் சாக்கு கட்டினாள் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் அவள் வடலூரில் ஒரு ரூமுக்குக் குடிபோனாள். கன்று பட்டுப்போன குழிகளில் திரும்ப நடுவதற்கு அடுத்த வருஷமும் ஆள் தேவைப்பட்டது. அத்தையின் கேட் பாஸ் இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது.