போகிக்கு வைத்த கப்பல் கட்டை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுவேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில்கூடக் கூட்டத்துக்குப் பயந்து பின்பக்கமாகவே வந்துவிடுகிறவன் நான். நேற்று சாயங்காலம் தெருவில் ஒன்றைப் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பழைய கதையை முதலில் சொன்னால்தான் நேற்று பார்த்தது என்ன என்று புரியும்.

எங்கள் தெரு ராயபுரத்தில் கடலைப் பார்த்துப் போகிற தெருக்களில் ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பூவரச மரங்கள். முதல் மரம் எங்கள் வாசலில், கடைசி மரம் மணலில். ஒரு மரத்தடியில் வலை பின்னுவார்கள், ஒன்றில் மீன் விற்பார்கள், ஒன்றில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார்கள். எங்கள் மரத்தடியில் அம்மாவின் இட்லிக் கடை. கடை என்றால் ஓர் அடுப்பு, ஓர் அண்டா, உட்கார நாலு பலகை. கூரை கிடையாது. மரம்தான் கூரை. பூவரச இலையை ஈரத்துணியால் துடைத்து அதில்தான் இட்லி வைத்துக் கொடுப்பாள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. அவ்வளவுதான்.

மாமாவுக்குத் திருவொற்றியூர் பக்கம் ஒரு சரக்கு யார்டில் வேலை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் பெரிய பெரிய இயந்திரங்கள் வரும். அவை உருளாமல் இருக்க இடையில் கட்டைகளைச் செருகி, சுற்றிலும் பலகை அடித்து அனுப்புவார்கள். சரக்கை எடுத்த பிறகு அந்த மரத்தை எல்லாம் யார்டிலேயே ஒரு குழியில் போட்டு எரித்துவிட வேண்டும், ஒரு சிலாம்புகூட வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. எரிக்கிற வேலைதான் மாமாவுக்கு. எதற்காக எரிக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. "நல்லா பளபளன்னு கீற மரத்த நெருப்புல போடச் சொல்றானுங்க, பைத்தியக்காரனுங்க" என்று தினமும் வயிறெரிவார்.

எங்கள் பக்கத்தில் போகி என்றால் பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்துவதோடு முடியாது. தெருவுக்குத் தெரு போட்டி நடக்கும். எந்தத் தெரு நெருப்பு உயரமோ அந்தத் தெருவுக்கு வருடம் முழுக்கப் பெருமை. முந்தின வருடம் பக்கத்துத் தெருக்காரர்கள் ஓர் ஓட்டைப் படகையே இழுத்து வந்து கொளுத்திவிட்டார்கள். அடுத்த நாள் அந்தத் தெரு ஆள் ஒருவர் எங்கள் கடையில் இட்லி தின்றுகொண்டே கேட்டார்: "இன்னா மாமு, நேத்து உங்க தெருல போகியா, இல்ல எவனாவது பீடி பத்த வெச்சானா?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்டபோது மாமா கட்டைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அடியில் கட்டை, மேலே ஈரச் சாக்கு. கொண்டுவந்து எங்கள் மரத்தைச் சுற்றிச் சாய்த்து நிற்க வைத்தார்.

"யார்டுல எரிக்கச் சொன்னத எதுக்குடா வூட்டுக்கு எத்தினு வர்ற?" என்றாள் அம்மா.

"எரிக்கத்தானே யக்கா போறோம்? அங்க எரிஞ்சா இன்னா, போகிக்கு இங்க எரிஞ்சா இன்னா? நான் ஒண்ணும் கட்டில் செஞ்சு படுத்துக்கப் போறதில்ல."

அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "எவனாவது வந்து கேட்டா நீயே பதில் சொல்லு. நான் மாவு ஆட்டணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கட்டைகள் எனக்கு அதிசயமாக இருந்தன. வெண்ணெய் நிறத்தில் இருந்தன. மூக்கை வைத்தால் வார்னிஷ் மாதிரி ஒரு வாசனை. கறுப்பு மையில் எனக்குத் தெரியாத எழுத்துகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கட்டையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். உள்ளே இருந்து சத்தம் வரும். கர், கர் என்று, யாரோ பக்கத்து வீட்டில் அப்பளம் தின்பதுபோல.

"மாமா, கட்டைக்குள்ள யாரோ கீறாங்க" என்றேன்.

"டிக்கெட்டு எடுக்காதவன் எவனாவது உள்ள குந்தினு வந்துருப்பான்டா" என்றார் மாமா.

காலையில் பார்த்தால் கட்டைகளின் அடியில் ரவை மாதிரித் தூள் கொட்டிக் கிடக்கும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே பெருக்கித் தள்ளுவாள். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போயிற்று. எரிக்கத்தானே போகிறோம் என்று எல்லோரும் இருந்தோம்.

போகி அன்று எங்கள் தெரு ஜெயித்தது. அந்த மாதிரி நெருப்பை நான் பிறகு பார்த்ததில்லை. பிள்ளைகள் போகி மேளத்தைக் கிழியக் கிழிய அடித்தோம். பக்கத்துத் தெருவே எங்கள் தெருமுனையில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. மாமா அந்தப் பழைய ஆளைத் தேடிப் பிடித்து, தோளில் கை போட்டு நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்து வந்து, "இந்தா நைனா, பீடி பத்த வெச்சுக்கோ" என்றார். விடிந்தபோது ஒரு கட்டை மிச்சமில்லை. மரத்தடி பழையபடி சுத்தமாகிவிட்டது.

கோடை வெயில் ஏற ஆரம்பித்தபோதுதான் மரம் மாறியது. இலை பழுத்துப் பழுத்து அண்டாவில் விழுந்தது. பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் நிழலைத் தேடி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா இட்லிப் பானை கழுவிய தண்ணீரை எல்லாம் மரத்துக்கே ஊற்றினாள். வேரில் சாணி கரைத்து ஊற்றினாள். ஒரு மஞ்சள் துணிகூடக் கட்டினாள். தூள் மட்டும் நிற்கவில்லை. இப்போது அது மரத்திலிருந்தே கொட்டியது.

ஒருநாள் காலையில் பேண்ட் சட்டை போட்ட ஒருவர் இட்லி சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் தின்றிருப்பார். அவர் கையிலிருந்த இலையில் மேலேயிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அவர் இலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மரத்தைத் தடவினார். பையிலிருந்து கத்தியை எடுத்துப் பட்டையைக் கொஞ்சம் பெயர்த்தார். உள்ளே மிளகு போகிற அளவுக்குத் துளைகள். ஒரு துளையிலிருந்து வெள்ளையாக ஒரு புழுவை நோண்டி உள்ளங்கையில் வைத்தார். அதற்குள் தெரு கூடிவிட்டது.

செடி கொடிகளுக்கு வருகிற நோயையும் பூச்சியையும் கவனிக்கிற அரசாங்க ஆபீஸில் வேலை என்று அவர் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இது நம்ம ஊர்ப் பூச்சி இல்லம்மா. கப்பல்ல வந்தது. இதைத் தின்னணும்னு இங்க எந்தக் குருவிக்கும் தெரியாது. இதைத் தாங்கணும்னு இங்க எந்த மரத்துக்கும் தெரியாது" என்றார். இங்கே ஏதாவது வெளிநாட்டுக் கட்டை இருந்ததா என்று கேட்டார்.

அத்தனை பேருக்கும் தெரியும். சொன்னால் மாமாவுக்கு வேலை போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மாமா குனிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரையும் பிடிச்சுக் கொடுக்கறதுக்குக் கேக்கலை. எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சாதான், அதே மரம் வேற எங்க போயிருக்குன்னு தேட முடியும். இந்த ஒரு மரத்தோட நிக்காது. வரிசையா மணல் வரைக்கும் போயிடும்" என்றார்.

அம்மா தெருவைப் பார்த்தாள். வலை பின்னுகிற மரம், மீன் விற்கிற மரம், சைக்கிள் கடை மரம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போகிக்கு வெச்சிருந்தோம் சார். இந்த மரத்துலதான் சாஞ்சினு இருந்துச்சு. என் தம்பி எத்தினு வந்தான். எரிக்கத்தானே போறோம்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

மாமா நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆமா சார்" என்று மட்டும் சொல்லி, யார்டு இருக்கிற இடத்தையும் சொன்னார்.

மரத்தை அன்றைக்கே வெட்ட வேண்டும், வேரோடு எடுத்து, வெட்டின இடத்திலேயே எரிக்க வேண்டும், ஒரு குச்சிகூட நகரக்கூடாது என்றார் ஆபீசர். யார்டில் சொன்ன அதே உத்தரவு. ஆட்கள் வந்து வெட்டினார்கள். படகு செய்கிற ஆசாரி ஓடி வந்தார். "பூவரசுடா இது, தங்கம். அடிமரத்தை மட்டும் குடுங்க சார், படகுக்கு விலா எலும்பு மாதிரி வங்கு போடலாம்" என்று கெஞ்சினார். எதிர் வீட்டு அக்கா விறகுக்கு ரெண்டு கிளை கேட்டாள். அம்மா இடுப்பில் கை வைத்து வெட்டிய கிளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இன்னாடி, நீயே விறகுக்கு அலையறவ. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாமா?" என்றாள் எதிர் வீட்டு அக்கா.

"வேணாம். போயிடு" என்றாள் அம்மா.

எரித்தது மாமாதான். பச்சை மரத்தை எப்படி அடுக்கினால் முழுக்க எரியும் என்று அவருக்குத்தான் தெரியும். போகிக்குக் கூடிய அதே தெரு கூடியிருந்தது. மேளம் மட்டும் இல்லை.

பூவரசுக்குக் கிளையை ஒடித்து நட்டாலே போதும், பிழைத்துக்கொள்ளும். போத்து என்போம். எல்லோரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு சின்னக் கிளையை எடுத்து வீட்டின் பின்பக்கம் கொண்டுபோனேன். அதில் ஒரு மஞ்சள் பூ இருந்தது. குழி தோண்டும்போது அம்மா வந்தாள். திட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிளையை எடுத்துக்கொண்டு போய் நெருப்பில் போட்டாள். அந்தப் பூவும் எரிந்தது.

நான் அவளோடு பேசுவதை விட்டுவிட்டேன். அந்த வாரமே யார்டில் மாமாவை நிறுத்திவிட்டார்கள். அவர் மீன்பாடி வண்டி மிதிக்கப் போனார். அம்மா வெட்டவெளியில் வெயிலில் இட்லி ஊற்றினாள். மாவு சீக்கிரம் புளித்தது. சாப்பிட வருகிறவர்கள் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போனார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மரமும் இருந்திருக்கும், மாமாவின் வேலையும் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். மாமா ஏன் அவளோடு சண்டை போடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு பழைய தார்ப்பாயைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே கட்டிக் கொடுத்தார். "யக்கா, இது எங்கயும் எரிக்கச் சொன்னது இல்ல, பயப்படாத" என்றார். அம்மா சிரித்தாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆபீசர் அவ்வப்போது வருவார். மீதி மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, சுரண்டிப் பார்த்துக்கொண்டே மணல் வரைக்கும் போவார். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடப்பாள். பெரிய மனிதர் வந்தால் மரியாதைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி மழைக்காலம் வந்தது. ஒருநாள் அவர் கடைசி மரத்தையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் என்னவோ சொன்னார். அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அடுத்த நாள் மணலில் இருந்த அந்தக் கடைசி மரத்திலிருந்து ஒரு போத்தை வெட்டி எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"நடுடா" என்றாள்.

"இது நம்ம மரம் இல்ல" என்றேன். பல மாதம் கழித்து அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு.

"நட்டா நம்ம மரம்" என்றாள்.

நட்டேன். வாசலில் அது வளர்ந்து, அதன் அடியிலும் அம்மா பல வருடம் இட்லி விற்றாள். இப்போது அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. நான் எண்ணூர் பக்கம் ஒரு குடோனில் சரக்கு இறக்குகிறேன். இப்போதெல்லாம் வெளிநாட்டுக் கட்டைகளைச் சூட்டில் வாட்டிப் பூச்சியைக் கொன்றுவிட்டு, கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அந்தக் கதிர் தெரியும். அது இல்லாத கட்டை வந்தால் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கையைக் காட்டுவேன். பேச வேண்டியதில்லை.

நேற்று பார்த்தது இதுதான். எங்கள் தெருப் பிள்ளைகள் போகிக்குக் கட்டை சேர்த்திருக்கிறார்கள். எங்கிருந்தோ கொண்டுவந்த கப்பல் பலகைகள். என் மரத்தைச் சுற்றிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சிலதில் கதிர் இருக்கிறது. இரண்டில் இல்லை. அந்த இரண்டின் அடியில் ரவை மாதிரித் தூள். என்ன அங்கிள் பார்க்கிறீங்க என்று ஒரு பையன் கேட்டான். "எரிக்கத்தான் போறோம்" என்றான் இன்னொருவன்.

தம்பிகளா, அந்த இரண்டையும் போகி வரைக்கும் வைக்காதீர்கள். இதைப் படித்த உடனே, வேறெங்கும் கொண்டுபோகாமல், மரத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளித் தெருவிலேயே எரித்துவிடுங்கள். நானும் வந்து நிற்கிறேன்.

அம்மா அந்தப் போத்தைக் கொடுத்தபோது, மனது இரங்கி, எனக்கு விளையாட ஒரு மரம் கொடுக்கிறாள் என்றுதான் எண்ணினேன். அவள் கோடை முழுக்க அடுப்பை விட்டுவிட்டு மணல் வரைக்கும் நடந்ததும், நான் பேசாமல் இருந்த அத்தனை மாதமும் பொறுத்துக்கொண்டதும், என் கையில் பூச்சியில்லாத ஒரு கிளையைக் கொடுப்பதற்காகத்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

மார்கழி மாதம் பதினெட்டாம் தேதி, விடியற்காலை எழுதி முடித்தேன்.