பங்கருக்கு மேலே போட்ட பனை

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் பங்குத் தேவாலயத்தின் தமிழ்ப் பூசை முடிந்ததும் தேநீரும் ரோல்ஸும் கிடைக்கும். அந்த ஞாயிறு அவற்றோடு என் பேச்சும் கிடைத்தது. மாலை வகுப்பில் தொல்லியல் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததன் பலன். ரோல்ஸ் முடியும்வரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள் என்ற தைரியத்தில் முதல் படத்தைப் போட்டேன்.

அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ மக்களின் பழைய கல்வீடுகள். தனித்து நிற்கும் பெரும்பாறையின் உச்சியில் அல்லது மலை விளிம்பில் சில சிறிய அறைகள். ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் எதிரி ஏற முடியாது. வருகிறவனைப் பார்க்கச் சுவரில் சின்னத் துளைகள். கொள்ளைக்குப் பயந்த குடும்பங்கள் சுமார் முந்நூறு வருடங்களுக்கு முன் கட்டியவை. ஆய்வாளர்கள் பலர் வெகுகாலம் அதை நம்பவில்லை. நவஹோ மக்களிடம் தஞ்சம் புகுந்த அயல் ஊர்க்காரர்தான் கட்டியிருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கூரைக்குப் போட்ட மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. பெரும்பாலான வீடுகளின் மரங்கள், அந்த அகதிகள் வந்த காலத்துக்கு வெகு பின்னால் வெட்டப்பட்டவை.

"ஆரின்ரையோ உழைப்பைத் தூக்கி ஆருக்கோ குடுத்திட்டினம்!" என்று மைக்கில் கொதித்தேன். அந்தச் சூட்டில், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து வீட்டு வளவில் இருந்த எங்கள் பதுங்குகுழி நினைவுக்கு வந்தது. முன்வரிசையில் இருந்த என் அண்ணையைக் காட்டினேன். "எங்கட பங்கரை வெட்டினது இந்த அண்ணைதான். ஷெல்லடிக்குள்ள நாங்கள் தப்பினது அவராலை."

கைதட்டினார்கள். அண்ணை பாதி எழுந்து கும்பிட்டார். எங்கள் அக்கா பின்வரிசையில் ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவை மோர்டனில் கொண்டுபோய் இறக்கிவிடுவது என் வேலை. ஆற்றுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"தம்பி, மரத்தை எண்ணிப் பாத்தவை எண்டு சொன்னனி. எங்கட பங்கருக்கு மேல போட்ட மரக்குத்தி எது?"

"பின்வளவுப் பனை. ஷெல் பட்டு முறிஞ்சது. அதைத் தறிச்சுத்தானே போட்டது."

"அது முறிஞ்ச அண்டைக்கு உன்ர காலில என்ன கிடந்தது?"

சப்பாத்து. லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த அண்ணை யாரிடமோ கொடுத்தனுப்பிய வெள்ளைச் சப்பாத்து. அதைப் போட்டுக்கொண்டுதான் விழுந்த பனையின் மேல் ஏறிக் குதித்தேன். பனை விழுந்தபோது அண்ணை இங்கே லண்டனில் இருந்திருக்கிறார். பங்கர் வெட்டியது அந்த ஷெல்லுக்குப் பயந்து, அதற்கும் பிறகு.

வெட்டியது அக்கா. புதிதாக அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பனையும் எனக்குத் தெரியும், சப்பாத்தும் தெரியும். குமர்ப்பிள்ளை மண்வெட்டியோடு குழிக்குள் நின்றாள் என்று தெரிந்தால் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று, மூத்தவன் லண்டன் போகமுதலே வெட்டிவைத்தான் என அம்மா அயலில் சொல்லிவந்தார். அயலுக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள் இருந்த நானும் நம்பி வளர்ந்திருக்கிறேன். அந்த ஆய்வாளர்களாவது பிந்தி வந்து பார்த்தவர்கள். நான் அந்தக் குழிக்குள் அக்காவின் மடியில் படுத்து எழும்பியவன். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அவர் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது.

"வாற ஞாயிறு எழும்பிச் சொல்லுறன், அக்கா."

"சொல்லாத. அண்ணை எல்லாருக்கும் முன்னால கும்பிட்டிட்டார். இனிச் சொன்னா அவருக்கு மரியாதை இல்லாமல் போகும்."

"அப்ப உங்களுக்கு?"

மோர்டன் வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சீற் பெல்ட்டைக் கழற்றியபடி சிரித்தார்.

"நான் வெட்டி வெட்டி மேல போட்ட மண்ணை, நீ அந்தச் சப்பாத்துக் காலால திருப்பி உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு நிண்டனி. சின்னப் பிள்ளை, உனக்கு விளையாட்டு."

இறங்கிக் கதவைப் பிடித்தபடி குனிந்து என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கும் அதைத்தான் செய்தனி" என்றார். அப்போது சிரிக்கவில்லை.