பாண்டியம்மாள் அக்கா உட்கார்ந்தால் நிற்கும் வண்டி

போன வாரம் செம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் ஒருவர் தோளில் மாட்டிய மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பச்சைப் புல் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்ததும், காபியை அப்படியே வைத்துவிட்டு அங்கே போய் நின்றுவிட்டேன். பட்டுச் சேலை கட்டின ஒருத்தி, புல் வெட்டுகிறவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தால் மண்டபத்தில் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும். அந்த இரண்டு வாசனையும் சேர்ந்தால் எனக்குப் பாண்டியம்மாள் அக்காதான்.

இருபத்தைந்து வயதில், தாடிக்கொம்பு ரோட்டில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கு விளையாட்டு டீச்சராகப் போனேன். அங்கே நல்ல ஹாக்கி மைதானம் இருந்தது. இடுப்புயரப் புல்லுக்கு அடியில் இருந்தது. சைக்கிள் ஷெட்டில் ஒரு வண்டியும் இருந்தது. குட்டி டிராக்டர் மாதிரி ஸ்டியரிங், சீட்டு, வயிற்றுக்கு அடியில் சுழலும் பிளேடு. மில் முதலாளி ஒருவர் தன் பங்களாத் தோட்டத்தில் ஏறி ஓட்டிவிட்டு, அலுத்துப்போனதும் பள்ளிக்குக் கொடுத்தது. அதன் சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பள்ளித் தோட்ட வேலைக்கு இருந்த பாண்டியம்மாள் அக்கா ஒவ்வொரு குட்டியாக எடுத்துச் சாக்கில் விட்டுவிட்டு, “இதை ஓட்டிப் பாப்பமா டீச்சர்?” என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. வடித்துக் கொட்டிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். பேட்டரி முனையில் பச்சையாய்ப் பூத்திருந்ததைச் சோடாமாவும் வெந்நீரும் விட்டுத் தேய்த்தோம். வெடித்துப்போன பெல்ட்டின் நீளத்தைச் சணல் கயிற்றில் அளந்துகொண்டு மோட்டார் கடையில் போய் நின்றேன். “எந்த மிஷினுக்கு?” என்றார் கடைக்காரர். புல் வெட்டுகிற கார் என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த நாளில் எனக்கு இஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பதுதான்.

அக்கா ஏறிச் சாவியைத் திருப்ப, வண்டி ஸ்டார்ட் ஆனது. பிளேடைப் போட்டதும் அணைந்தது. எத்தனை தடவை போட்டாலும் அதே கதை. பைக் மெக்கானிக் ஒருவர் வந்து ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் அணைந்தது. பிளேடை இழுக்க இஞ்சினில் வலு இல்லை, ஆயுசு முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். தாளாளர் காதுக்கு அது போனது. அந்த வருஷம் பள்ளிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டி எங்கள் மைதானத்தில் நடப்பதாக இருந்தது. புல் வெட்ட வழியில்லையென்றால் போட்டியை வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடலாம், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார். மைதானம் சும்மாக் கிடந்தால் கட்டடத்துக்கு ஆகும் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் உடம்புக்கு அது பெரிய விஷயம்.

ஆமாம், என் உடம்பு. நான் காலேஜில் கோல்கீப்பர். கோல் போஸ்ட்டை அடைத்துக்கொண்டு நிற்பேன். ஆத்திரத்தில் ஒருநாள் நானே ஏறி உட்கார்ந்து பிளேடைப் போட்டேன். வண்டி அணையவில்லை, புல்லைச் சீவிக்கொண்டு ஓடியது. இறங்கி அக்காவை ஏற்றினேன். அணைந்தது. அக்கா கீரைத்தண்டு மாதிரி இருப்பார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சீட்டையே பார்த்தார்.

“நீங்க உக்காந்தா ஓடுது, நான் உக்காந்தா நிக்கிது. இதுக்கு எம்மேல என்ன கோவம்?”

சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் சின்னதாய் ஒரு ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்து அது அமுங்கினால்தான் பிளேடு ஓடும். ஆள் விழுந்துவிட்டால் இஞ்சினே நின்றுவிடும். சீட்டைத் தாங்கும் ஸ்பிரிங் துருவேறி இறுகிப்போய், என்னை மாதிரி ஆளுக்குத்தான் வளைந்துகொடுத்தது. மெக்கானிக்கும் ஒல்லி. ஸ்விட்சை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் தீர்ந்தது என்றேன். அக்கா விடவில்லை.

“விழுந்தா நிக்கணும்ல டீச்சர்? இல்லாட்டி காலு போயிரும்.”

பூட்டுப் பட்டறை ஒன்றில் இளகின ஸ்பிரிங் இரண்டு வாங்கி மாட்டினோம்.

மறுநாள் காலையிலேயே இரும்புக் கடை வேன் வந்துவிட்டது. தாளாளரும் கூட வந்தார். வண்டி சரியாகிவிட்டது என்று நான் சொல்லச் சொல்ல, பேசினது பேசினதுதான், ஏற்றுங்கள் என்றார். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஷெட்டைத் தாண்டி, தாளாளரைத் தாண்டி, மைதானத்தில் இறங்கிப் பிளேடைப் போட்டார். அணையவில்லை. வேன்காரர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு நின்றார். வகுப்பு ஜன்னலெல்லாம் பிள்ளைகள் தலை. தாளாளர் இறங்கச் சொல்லிக் கத்தினார். அக்கா ஒரு சுற்று முடித்து அவர் பக்கத்தில் வந்து, இஞ்சினை நிறுத்தாமலே சொன்னார்:

“செத்த நேரம் பொறுங்க சார். இம்புட்டுத்தான், வெட்டிட்டு வாரேன்.”

அந்தச் செத்த நேரம் சாயங்காலம் வரை போனது. வேன் காலியாகத் திரும்பியது. போட்டி எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்த வண்டி ஓடியது. கடைசியில் நிர்வாகம் மாறி, புதியவர்கள் கட்டடம் கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் நின்றேன், எடுபடவில்லை. ஜேசிபி வந்து நின்ற நாள், அக்கா வழக்கம்போல ஆயில் பார்த்து, பிளேடைத் துடைத்து, மூலை முடுக்கு விடாமல் மைதானத்தை வெட்டினார். நாளைக்குத் தோண்டப்போகிற புல்லை எதற்கு வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

“இன்னைக்கி நம்ம மைதானந்தானே டீச்சர்.”

கோடு போட்டோம். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கி முழு ஆட்டமும் ஆடவைத்தேன். ஜேசிபி டிரைவர் இறங்கி வந்து உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது. வண்டியும் போய்விட்டது, எங்கே என்று தெரியாது. கவனிப்பாரில்லாமல் கிடந்த இடத்தைத்தான் எடுத்தோம் என்று அவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பொய். நான் பார்த்தேன்; வெட்டிய புல்லோடும் போட்ட கோட்டோடும்தான் அது போனது.