பாடுகிற அம்மாவும் படுத்திருக்கிற அம்மாவும்

எங்கள் தெருவில் யாருடைய முகமாவது தொங்கிப்போயிருந்தால் ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. ஏலக்காய்தான் காரணமாக இருக்கும். போடியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் அடைந்துகொண்டு போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் காயெடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வருவார்கள். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது. முற்றியதை மட்டும் பறித்து, பிஞ்சை விட்டுவைத்து, ஒன்றரை மாதம் போல் கழித்து மறுபடி அதே செடிக்கு வரவேண்டும். அப்படி வருகிற ஒவ்வொரு முறைக்கும் ஓர் 'எடுப்பு' என்று பெயர். எடுப்பு நடந்தால் தெரு சிரிக்கும், இடையில் கிடக்கிற நாட்களில் உம்மென்று இருக்கும். "அடுத்த எடுப்பு வந்தா எல்லாம் சரியாப் போகும்" என்பதுதான் எங்கள் ஊரில் மனச்சோர்வுக்குச் சொல்கிற வைத்தியம்.

அதனால்தான் அம்மாவுக்கு நேர்ந்ததை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஆடியில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தாள். காய்ச்சல் இல்லை, யாரோடும் சண்டை இல்லை, வீட்டில் ஒரு குறையும் புதிதாக வந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "அலுப்பா இருக்கும், விடு ஆத்தா" என்றார். எடுப்பு வந்தது. தெரு முனையில் ஜீப் ஆரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அம்மா எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைப் பெரியம்மா கொண்டுவந்து வைத்தபோதும் மணத்துக்குக்கூடத் தலையைத் திருப்பவில்லை.

கூடப்பிறந்தவர்கள் எனக்குக் கிடையாது. நானே சடை பின்னக் கற்றுக்கொண்டேன். ஒன்று தடியாகவும் மற்றது எலிவால் மாதிரியும் வந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. சாயந்திரம் வந்ததும் அம்மாவின் முதுகில் என் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த முதுகு ஏறி இறங்குவதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைக்கிற பேச்சு.

அப்பா மலையில் இருந்தார். காய்க்காலம் முழுக்க ஓர் எஸ்டேட்டில் தங்கி, பறித்த காயை உலர்த்துகிற ஸ்டோருக்கு ஜீப்பில் லோடு அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. மற்ற நாட்களில் காலையில் போன் வரும். ஊரில் எல்லா அப்பாக்களும் "சாப்டியா?" என்று கேட்பார்கள். என் அப்பா மட்டும், "ஒங்கம்மா ஒறங்குனாளா?" என்று கேட்பார். "பகல்லயும் ஒறங்குதுப்பா" என்பேன். "ம்" என்று வைத்துவிடுவார். எதைத்தான் கேட்பது என்று தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை பாத்திரச் சத்தத்தில் கண் விழித்தேன். வீட்டிலிருந்த அத்தனை பாத்திரமும் வாசலில் கிடக்க, அம்மா நடுவில் உட்கார்ந்து புளி போட்டுத் துலக்கிக்கொண்டே பாடினாள். என்னைப் பார்த்ததும், "வாடி என் தங்கமே, என்ன சடை இது, பேயாட்டம்" என்று இழுத்து உட்காரவைத்துப் பின்னினாள். சாயந்திரம் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். எங்கள் வாசலோடு விடாமல் தெருவில் ஏழு வாசலுக்குத் தண்ணீர் தெளித்தாள். தன் நல்ல சேலை இரண்டை வேண்டாம் வேண்டாம் என்றவர்களிடம் திணித்தாள். ராசிங்காபுரத்தில் தோட்டம் பிடிக்கப்போவதாகவும், மலையில் பத்து ஏக்கர் குத்தகைக்குப் பேசப்போவதாகவும், எனக்கு ஒரு குதிரை வாங்கித் தரப்போவதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள். குதிரையை எங்கே கட்டுவது என்று மட்டும்தான் எனக்குக் கவலை.

நான் கண்ணை மூடும்போது விழித்திருப்பாள், திறக்கும்போதும் விழித்திருப்பாள். கொட்டாவிகூட விடவில்லை.

மறுநாள் போன் வந்தது. "ஒறங்குனாளா?"

"நல்லா ஒறங்குச்சுப்பா."

அதுதான் நான் அப்பாவிடம் சொன்ன முதல் பொய். தூங்குகிற அம்மா என்னைப் பார்க்காத அம்மா. தூங்காதவள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சடை பின்னுகிறாள். அப்பாவுக்குத் தெரிந்தால் வந்து படுக்கவைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை வரை அதே பொய்யைச் சொன்னேன்.

ஆறாம் நாள், சனிக்கிழமை, காலாண்டு லீவு தொடங்கியது. "வா, ஒனக்கு மலையக் காட்டுறேன்" என்று அம்மா என்னையும் ஜீப்பில் ஏற்றினாள். அன்று அம்மா காயெடுத்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! செடியின் அடியில் குனிந்தால் சரஞ்சரமாக உருவிக்கொண்டு வந்தாள்.

"ஏத்தா, கையில மோட்டார் மாட்டிருக்கியா?" என்றாள் ஒருத்தி.

"ஒனக்கும் ஒண்ணு வாங்கித் தாரேன், பொறு" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயந்திரம் எடை போடும் இடத்தில் கங்காணி அம்மாவின் பையைத் தார்ப்பாயில் கொட்டினார். சிரிப்பு நின்றது. பாதிக்கு மேல் பிஞ்சு. விரல்நுனி அளவுக்குக்கூட வராத பிஞ்சு. பூவும் கிடந்தது. எங்கள் பெண்கள் திட்டு வாங்குவார்கள், தாமதமாக வருவார்கள், ஆனால் பிஞ்சில் கை வைக்கமாட்டார்கள்.

"என்னம்மா இது?" என்றார் கங்காணி.

"அடுத்த எடுப்பையும் சேத்து இன்னிக்கே முடிச்சுட்டேன்!" என்று சொல்லி அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒருவரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் ஏறமாட்டேன் என்றாள். "இதென்ன கட்டவண்டி! நடந்தே வெரசா போயிருவேன்." மெட்டிலிருந்து இறங்குகிற ரோட்டில் நடுவாக நடந்தாள். எதிரே வந்த லாரிகளுக்குக் கை காட்டி வழிவிட்டாள். ஜீப் டிரைவர் அண்ணன் முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்தார். நான் ஜீப்பிலும் ஏறவில்லை, அம்மாவையும் எட்டமுடியவில்லை. முன்னால் பாட்டு, பின்னால் இஞ்சின், நடுவில் நான்.

ஜீப்பிலிருந்த பெரியம்மா இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "நெசத்தச் சொல்லு ஆத்தா. ஒங்கம்மா எத்தன நாளா ஒறங்கல?"

"நல்லா ஒறங்குச்சு பெரியம்மா" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டார்.

அடுத்தடுத்த வளைவுகளில் ஒன்றில் அப்பாவின் ஜீப் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். இறங்கி வந்து, "நானும் நடக்கட்டா?" என்று மட்டும் கேட்டார். "வா, வா!" என்றாள் அம்மா. அவர் ரோட்டுப் பக்கம், அவள் மலைப் பக்கம். இரண்டு வளைவு அப்படியே நடந்தார்கள். மூன்றாவது வளைவில், எங்கேயோ விருந்துக்குப் போகிறவளைப் போல அம்மா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் தேனியில் ஒரு டாக்டரம்மா. எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்றார். "நேத்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா. அதுக்கு முந்தி நல்லாத்தான் ஒறங்கியிருக்கா, பாப்பா சொல்லுச்சு" என்று அப்பா என் பொய்யை அப்படியே ஒப்பித்தார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கு அழுகை வந்தது.

"ஆறு நாளா ஒறங்கல. ஆனா பாடுற அம்மாவுக்கு மருந்து வேணாம். படுத்துருக்குற அம்மாவுக்கு மட்டும் குடுங்க" என்றேன்.

அப்பா என் தலைமேல் கையை வைத்தார். நான் பிறக்கும் முன்பே ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர் அவர் என்பதும், காலையில் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வியில்தான் இத்தனை வருஷமாகக் காவல் இருந்தார் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவின் நோய்க்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் என்பதும் அப்படித்தான். காரணம் இருந்து வந்து, காரணம் தீர்ந்தால் போகிற மனசு வேறு. எந்த எடுப்புக்கும் கட்டுப்படாமல் வாரக்கணக்கில் ஆளையே தூக்கிக்கொண்டு போகிற இது வேறு.

மருந்து பிடிக்க மாதங்கள் ஆயின. தை பிறந்தபோது வீட்டில் மூன்றாவதாக ஓர் அம்மா இருந்தாள். சோறு அடிப்பிடித்தால் எரிச்சல்பட்டாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு என்னைத் திட்டினாள், சாப்பிடும்போது அதை மறந்துபோனாள். பெரியம்மா சொன்ன கதைக்குச் சிரித்தாள், சிரித்து முடித்தாள். பொழுது சாய்ந்தால் அலுத்துப்போய்த் தூங்கினாள். சடை ஒரு தரம்தான் பின்னினாள், அதுவும் அவசரமாக.

நானோ அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பாடுகிற அம்மா எப்போது திரும்பி வருவாள் என்று வாசலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன்.