பிரஷர் இறங்கிய வருஷம்

"...சந்தை முழுக்கக் கேக்கற மாதிரி கத்துற மனுஷனத்தான் டாக்டர் நான் உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன். நீங்க வேற யாரையோ வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கீங்க. எனக்கு அந்த ஆளு வேணும்."

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கிளினிக்கில், 1960களின் தொடக்கத்தில் ஒரு காலை, என் மனைவி டாக்டரிடம் இப்படிச் சொன்னாள். பாதிப் பேச்சில்தான் என் காது திறந்தது. அதற்கு முன்னால் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் அவள் சொன்ன அந்த வேறு யாரோ.

தேக்கா மார்க்கெட்டில் எனக்குக் காய்கறிக் கடை. பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. கொத்தமல்லி கட்டிக்கொடுக்கும் பழைய பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். மற்றதெல்லாம் சந்தைக்கு வருகிறவர்கள் சொல்லிக் கேட்டதுதான். யாராவது ஒரு வார்த்தை அழகாகச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதை நாலு பேரிடம் சொல்லித் திரிவேன். கத்தரிக்காயை அழுத்தி அழுத்திப் பார்க்கும் பெண்களிடம், "அது உங்க மாமியார் கன்னம் இல்ல, மெதுவா" என்பேன். திட்டிக்கொண்டே வாங்குவார்கள். மறுநாளும் வருவார்கள்.

ஒரு நாள் வெங்காய மூட்டையைத் தூக்கி நிமிர்ந்தபோது பின்மண்டையில் யாரோ அறைந்தது போல இருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மனைவி என்னை அந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சிலோன்காரர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவர் மறுபடியும் ஒருமுறை அடித்துப் பார்த்தார். இப்படியே விட்டால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும் என்றார். உப்பைக் குறை, கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, சிகரெட்டையும் கள்ளையும் விடு, உடம்பைக் குறை, சாயங்காலம் நட, கத்தாதே, கோபப்படாதே. இவ்வளவும் சொல்லிவிட்டு, தினமும் போட ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்.

என் மனைவி அன்றே அடுப்பில் இரண்டு சட்டி வைத்தாள். ஒன்று உப்பில்லாதது, எனக்கு. வீட்டில் மிச்சமிருந்த ஊறுகாயையும் கருவாட்டையும் எறிய மனமில்லாமல் அவளே தின்று தீர்த்தாள்.

"இது ரசமா, கை கழுவின தண்ணியா?" என்று கேட்டேன்.

"கை கழுவின தண்ணிதான். குடிச்சு வைங்க, அந்தக் கை விழாம இருக்கும்."

சாயங்காலமானால் ஃபேரர் பார்க் திடலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். அவள் முன்னால், நான் பின்னால் முனகிக்கொண்டு. சில மாதத்தில் வேட்டி இடுப்பில் தளர்ந்தது. பிரஷரும் இறங்கியது. டாக்டர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

முதலில் மூக்குதான் அடைத்தது. கொத்தமல்லிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், வாசனை வரவில்லை. சளி என்று விட்டுவிட்டேன். பிறகு, கோழி கூவுவதற்கு முன்பே விழிப்பு வந்தது. எழுந்திருக்கத் தோன்றாது. மார்பின் மேல் யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனது போல இருக்கும். வலி கிடையாது, பாரம் மட்டும். துக்கம் என்றால் அழுகையாவது வர வேண்டுமே, அதுவும் வரவில்லை. எது நடந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

இதில் பெரிய கொடுமை, எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். கத்தாதே என்று டாக்டர் சொன்னார், நான் கத்தவில்லை. கோபப்படாதே என்றார், எனக்குக் கோபமே இல்லை. "அண்ணே, இப்பத்தான் பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க" என்றார்கள் சந்தையில். நானும் அதை நம்பினேன். உடம்பு சுகமானவன் இப்படித்தான் இருப்பான் போல, இத்தனை காலம் நான் சிரித்ததும் சண்டை போட்டதும்தான் நோய் போல என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமாக வரும் ஒரு சீனக் கிழவி மட்டும் கத்தரிக்காயை வேண்டுமென்றே அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் நிறுத்துக் கொடுத்தேன். ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று மலாயில் கேட்டாள். அதற்கும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மூத்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் முதல் பேத்தி. கையில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு முட்டைக்கோஸைத் தூக்கினால் அதன் எடையாவது என் கைக்குத் தெரியும். அந்தக் குழந்தையின் எடை எனக்குத் தெரியவில்லை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து சிரித்தேன். அவள் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

என் மனைவி அன்று வீட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தாள். என்னைச் சண்டைக்கு இழுத்தாள்.

"உங்க அக்கா எடுத்துக் குடுத்த சேலையக் கிழிச்சுக் கரித்துணி ஆக்கிட்டேன்."

"சரி."

"நல்ல சேலையில்ல. உங்க குடும்பத்துக்கே கை தாராளம் கிடையாது."

"சரி."

"இன்னிக்கு ரசத்துல உப்புப் போட்டேன். தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. குடித்து முடித்திருந்தேன். அவள் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை திட்டுங்களேன்" என்றாள். யாரைத் திட்டுவது, எதற்குத் திட்டுவது என்றே எனக்குப் புரியவில்லை.

சில நாள் கழித்து என் தராசைப் பக்கத்துக் கடை பாயிடம் கொடுத்துவிட்டேன். மசாலா அரைத்து விற்கும் மனிதர், பல வருஷப் பழக்கம். வச்சுக்குங்க பாய், எனக்கு இனிமே வேணாம் என்றேன். அப்புறம் எப்படி நிறுப்பேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நாளை என்ற ஒன்று எனக்கு இருப்பதாகவே தோன்றவில்லை. நான் இல்லாமல் போனால் யாருக்கும் ஒரு குறையும் வராது என்று, வெங்காய விலையை யோசிப்பது போல, அமைதியாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாய் அன்றே தராசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறினார். "தங்கச்சி, இத உள்ள வைங்க. ஒரு வியாபாரி யாவாரத்துக்கு நடுவுல தராசத் தூக்கிக் குடுக்குறான்னா, அது தர்மம் இல்லம்மா. ஆள விடாதீங்க, பக்கத்துலயே இருங்க" என்றார்.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. அவள் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இறங்கியிருக்கு. இப்படியே இருக்கட்டும்" என்று எழுதத் தொடங்கினார். அப்போதுதான் அவள் பேசினாள். அதிகாரிகள் முன்னால் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்பவள், அன்று மேசையில் கையூன்றிப் பேசினாள். முதலில் எழுதிய அந்தப் பேச்சு அதுதான்.

டாக்டர் பேனாவை மூடினார். முதல்முறையாக என் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். நித்திரை வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உயிரோட இருக்க வேணும் எண்டு இருக்குதா?" என்றார்.

இல்லை என்றேன். யாராவது கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

அவர் என் சீட்டைத் திருப்பி, முதலில் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரையின் பெயரைத் தொட்டுக் காட்டினார். அது ஒரு வேரிலிருந்து எடுக்கும் மருந்து, பிரஷரை இறக்கும், சிலருக்கு மனதையும் சேர்த்து அமுக்கிவிடும் என்றார். "இது உங்கட குணம் இல்லை. மருந்து செய்த வேலை" என்று எனக்கு ஒருமுறையும், அவளுக்கு ஒருமுறையும் சொன்னார். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, சிறுநீரை அதிகமாகப் போகச் செய்யும் வேறு மாத்திரை எழுதினார். அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். என்னைத் தனியாக விடக்கூடாது என்று அவளிடம் சொன்னார். உப்பும் சிகரெட்டும் மட்டும் திரும்ப வரக்கூடாது என்றார்.

உடனே எதுவும் மாறவில்லை. பல வாரம் கழித்து ஒரு காலை கொத்தமல்லி மணத்தது. இன்னும் பல நாள் கழித்து அந்தச் சீனக் கிழவியிடம் மாமியார் கன்னத்தைப் பற்றிச் சொன்னேன். சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போனது போனதுதான். என் பேத்தி பச்சைக் குழந்தையாக இருந்த நாட்களை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்துப் போனோம். அங்கே ஒரு மத்தியானம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி அப்படியே சரிந்தாள். ஒரு பக்கம் வாய் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸ், எத்தனை வருஷமாகப் பிரஷர், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்கே தெரிந்திருக்காது. என் பேச்சைத் திருப்பி வாங்கிக் கொடுத்தவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாள்.

எனக்கு இன்றும் பிரஷர் நல்ல அளவில்தான் இருக்கிறது. காலையில் மாத்திரையை நாக்கில் வைக்கும்போதெல்லாம், அந்தக் கிளினிக்கில் கடைசியாக நடந்ததுதான் கண்ணில் நிற்கிறது. எனக்கு எழுதி முடித்த டாக்டர், பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து, "இவ்வளவு கோவம் ஆகாது அம்மா, உங்களுக்கும் ஏறும். கையை நீட்டுங்கோ, ஒருக்கா பாப்பம்" என்றார்.

"எனக்கென்ன டாக்டர், கல்லு மாதிரி இருக்கேன்லா. வெளிய ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள். முந்தானையை இழுத்து ஒரு கையை மூடிக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்து எழுப்பினாள்.