அசையும் மண்டையோடு

மசாஜ் நிலையத்தில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருடம். நாளுக்கு எட்டு முதுகு. சாயங்காலம் அவள் முதுகைப் பிடித்துவிடத்தான் ஆளில்லை. "இங்கே இறுகியிருக்கு" என்று அவள் சொன்னால் இறுகித்தான் இருக்கும். இல்லாததை இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கென்று இருந்த கர்வம் அது ஒன்றுதான்.

இப்போது மேலாளருக்குப் புதுப் பித்து பிடித்திருந்தது. மண்டையோட்டு எலும்புகளின் அசைவை விரலால் உணர்ந்து செய்யும் சிகிச்சையாம். சர்ட்டிபிகேட் வாங்காதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் வேலை கிடையாது.

ஆக, நாற்பத்தேழு வயதில் மகளின் டேப்லெட்டில், பாடச் செயலி காட்டும் மண்டையோட்டை உருட்ட ஆரம்பித்தாள். தொட்டால் அது இருபத்திரண்டு எலும்பாகப் பிரிந்து நிற்கும், மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும். நடுவில் பச்சையாக ஆப்பெலும்பு, இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பொட்டெலும்பு. பஸ்ஸிலும் அடுப்படியிலுமாகப் படித்துப் படித்து மண்டை காய்ந்துபோனது.

"என்னம்மா, இன்னைக்காவது மண்டை ஒழுங்கா மூடுச்சா?" என்பாள் மகள்.

"அது மூடிடுச்சு. என்னோடதுதான் வெடிச்சிடும் போல இருக்கு."

அசைவைக் கூட்டிக் குறைக்கத் திரையின் ஓரத்தில் ஒரு கோடு உண்டு. களைத்த கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதைக் கடைசிவரை தள்ளியே வைத்திருந்தாள். ஆப்பெலும்பு முன்னே சாயும், பொட்டெலும்புகள் விரியும். பார்க்க அழகாகவே இருக்கும்.

தேர்வன்று, உடன் வேலை செய்யும் ஒருத்தி படுத்துக்கொள்ள, இவள் அந்தத் தலையை இரு கையாலும் ஏந்தினாள். எலும்புகளின் பெயர்கள் மடமடவென்று வந்தன.

"அசைவு தெரியுதா?" என்றார் தேர்வாளர். அவருக்கு இவள் வயதில் பாதிதான் இருக்கும். முன்னால் போன ஐந்து பேரும் தெரிகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவள் காத்திருந்தாள். சூடு தெரிந்தது, நாடி தெரிந்தது. எலும்பு கல்லாட்டம் இருந்தது.

"இல்லைங்க சார்."

"திரையில பல மடங்கு பெருசாக்கிக் காட்டுவாங்கக்கா. நிஜத்துல ரொம்ப நுட்பம். இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தாள். "இல்லைங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, தெரியுதுன்னு சொல்லிடுங்க, எழுதிக்கிறேன். வெளியே இன்னும் ஒன்பது பேர் நிக்கிறாங்க."

கால் கடுத்தது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. வாதாட உடம்பில் தெம்பில்லை.

"தெரியுது," என்றாள்.

மறுவாரம் தீராத தலைவலியோடு ஓர் ஆசிரியை வந்து படுத்தார். "நிஜமாவே எலும்பு அசையுமாம்மா? உங்க கைக்குத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுதுங்க."

வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஆசிரியை நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குத்தான் தன் கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.