ரப்பர் உருண்டையில் ஐந்து விரல்

நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. வாதாடத்தான் பொறுமையில்லை. நான் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாரு" என்று வாயை அடைக்கிற ஆள். அப்படிப்பட்ட நான் பட்டப்பகலில், இரண்டு கண்ணாலும் பார்த்தது இது.

மாலை நாலரை மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"தம்பி, படகு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கொஞ்சம் வாயேன்."

"எங்க கிளம்பிட்ட?"

"அக்கரைக்கு, அம்மா வீட்டுக்கு. இனிமே அங்கதான்."

நான் ஏன் என்று கேட்கவில்லை. மாமாவோடு அவள் வாழ்ந்த இரண்டு வருடமும் அடியும் சந்தேகமுமாகவே போயிருந்தது. அக்கா அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவளும் ஒருநாள் கோபித்துக்கொண்டு இதே படகில் தனியாகக் கிளம்பியவள்தான். கழிமுகத்தின் நடுவில் எஞ்சின் நின்று, நீரோட்டம் அவளைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. விபத்து என்றார் மாமா. அந்தப் பேச்சை நம்பித்தான் நாங்களும் பெண் கொடுத்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

படகுத்துறை என் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். அக்கா மடியில் பையோடு படகில் உட்கார்ந்திருந்தாள். மாமா துறைப் பலகை மேல் கை கட்டி நின்றார்.

"இவன எதுக்குக் கூப்பிட்ட? நாலு இழு இழுத்தா கிளம்பிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போறவ தாராளமாப் போகட்டும். படகையும் எடுத்துட்டே போகட்டும்" என்றார்.

தாராளம் என்ற சொல்லை அந்த மனிதர் வாயில் அன்றுதான் கேட்டேன்.

வேலையைத் தொடங்கினேன். சோக்கை இழுத்து வைத்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். ம்ஹூம். பிளக்கைக் கழற்றினேன், பொறி நீலமாக, அழகாக வந்தது. கார்புரேட்டரைத் திறந்தேன். கிண்ணம் காய்ந்து கிடந்தது. டேங்க் நிறைய பெட்ரோல், ஆனால் ஒரு சொட்டு எஞ்சினுக்கு ஏறவில்லை.

டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே, குழாயில் ஒரு ரப்பர் உருண்டை உண்டு. நாலு தடவை அமுக்கினால் பெட்ரோல் ஏறி, உருண்டை கல் மாதிரி ஆகும். இது சப்பிப்போய்க் கிடந்தது.

டேங்க் மூடியைப் பார்த்தேன். அதன் உச்சியில் காற்றுக்கென்று இருக்கும் திருகை யாரோ இடுக்கி போட்டு இறுக்கியிருந்தார்கள். பல் பதிந்த தழும்பு புதிதாக மின்னியது. தளர்த்தினேன்.

ஸ்ஸ்ஸ்...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் திருகு இறுகினால் எஞ்சின் கிளம்பும். சிறிது தூரம் நன்றாகவே ஓடும். பிறகு நடுத்தண்ணீரில் நிற்கும். கிளம்பவே விடாமல் அது தடுக்காது.

திருகை இறுக்கியது யாரென்று நிமிர்ந்து பார்த்தேன். மாமா சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குச்சியும் அணைந்தது.

சரி. ஆனால் கிளம்ப விடாமல் பிடித்து வைத்திருப்பது எது?

காற்று உள்ளே போன பிறகும் உருண்டை உப்பவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் நாலு குழி. மறு பக்கம் ஒரு குழி. யாரோ கையால் இறுக்கிப் பிடித்திருப்பது போல.

அதன் மேல் என் கையை வைத்தேன்.

ஜில்லென்று... ஈரமாக... என் உள்ளங்கைக்குக் கீழே விரல் முட்டிகள்.

"அக்கா, இறங்கு."

"ஏன்டா?"

"இறங்குன்னு சொல்றேன்ல."

இறங்கினாள். குழிகள் நிரம்பின. முதலில் சுண்டு விரல்... பிறகு மோதிர விரல்... ஒவ்வொன்றாக.

கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே எஞ்சின் உறுமியது.

விட்ட பையை எடுக்க அக்கா படகில் ஒரு கால் வைத்தாள்.

எஞ்சின் நின்றது. உருண்டை சப்பியது.

காலை எடுத்தாள். உப்பியது.

பயத்தை மீறிக் கோபம் வந்தது. என் அக்காவை இந்தப் படகில் ஏறவிடாமல் யாரோ தடுக்கிறார்கள். ஏற்றிவிட நினைத்தவர் சிகரெட்டோடு நிற்கிறார்.

"மாமா, இந்தத் திருகை யாரு இறுக்கினது?"

"எந்தத் திருகு? எனக்கென்ன தெரியும்?"

பக்கத்தில் நின்ற படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாதா? அப்ப நீங்களே ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. பாக்கலாம்."

மறுத்தால் எல்லாருக்கும் விளங்கிவிடும். அது அவருக்கும் தெரிந்தது. படகில் இறங்கினார். குனிந்து, அந்தத் திருகைத் தானே இன்னும் இரண்டு சுற்றுத் தளர்த்திக்கொண்டார். கயிற்றில் கை வைத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் காலடியில் உருண்டை தானாக அமுங்கி அமுங்கி எழுந்தது. யாரோ அவருக்காகப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்தேன். சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

படகு நடுத்தண்ணீருக்குப் போனது.

எஞ்சின் நின்றது.

சர்ர்...

கயிறு இழுக்கிற சத்தம்.

சர்ர்... சர்ர்...

சர்ர்...

பிறகு அவர் குரல். தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"கைய எடு."

சர்ர்...

"எடுடீ..."

அவ்வளவுதான்.

ஒரு படகுக்காரரோடு நான் போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நீரோட்டம் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படகு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மாமா கைகளை வயிற்றுக்கு அடியில் வைத்துக் குப்புறக் கிடந்தார். மூச்சில்லை. அப்படியே தார்ப்பாயில் சுற்றித் தூக்கினோம்.

"என்னப்பா, ஆளு இவ்வளவு லேசா இருக்காரு?" என்றார் படகுக்காரர்.

மறுநாள் பிணக்கூறாய்வு செய்த டாக்டர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"இவரு எத்தனை நாள் கடல்ல கெடந்தாரு?"

"நாள் கணக்கு இல்லீங்க. பத்து நிமிஷம்."

"வெளையாடாதீங்க. உதடெல்லாம் வெடிச்சு, நாக்கு காஞ்சு... தண்ணியில்லாம மூணு நாள் வெயில்ல கெடந்து செத்த உடம்பு இது."

மாமாவின் கைகளைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கையில் தோல் இல்லை. சதையும் பாதிதான் இருந்தது.

"கயித்த இழுத்து இழுத்து ஆனது" என்றார். "இந்த மாதிரி நான் ஒரே ஒருதடவைதான் பாத்திருக்கேன். மூணு வருஷம் இருக்கும். கடல்ல படகோட மூணாம் நாள் கெடச்ச ஒரு பொம்பளையோட கை."